செம்மணற்கல் காட்டில் மவுண்டன் பைக்: அன்வைலரிலிருந்து ட்ரிஃபெல்ஸ் கோட்டை வரை முழு வழிகாட்டி

ஜெர்மனியின் தென்மேற்கில், பிரான்ஸ் எல்லையை ஒட்டி ஃபெல்ட்சர்வால்ட் காடு இருக்கிறது. அதன் தெற்குப் பகுதியில் அன்வைலர் என்ற சிறிய ஊர். ஊருக்கு மேலே 494 மீட்டர் உயரமுள்ள சோனென்பெர்க் குன்று, அதன் உச்சிப் பாறையில் ட்ரிஃபெல்ஸ் கோட்டை. பாறை, கோட்டைச் சுவர், காலடி மண் எல்லாமே ஒரே சிவப்பு மணற்கல்.

அன்வைலர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 180 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது கோட்டைக்கு ஏற வேண்டியது 300 மீட்டர் சொச்சம்தான். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "அரை நாள் வேலை" என்று கிளம்பி வருகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஏற்றத்துக்கு எல்லோரும் தயாராக வருகிறார்கள். மணலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதையும் யோசிப்பதில்லை. கீழே உள்ளது முதல் முறை வருபவருக்கான வரிசை: 25 முதல் 30 கிலோமீட்டர், 600 முதல் 700 மீட்டர் மொத்த ஏற்றம், கோட்டை உட்பட ஒரு முழு நாள்.

1. முதலில் பாதையைத் தேர்ந்தெடுங்கள், சைக்கிளை அப்புறம் பார்க்கலாம்

இங்கே சட்டம் கொஞ்சம் கறார். ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தின் வனச் சட்டப்படி, காட்டுக்குள் சாலைகளிலும் வனப்பாதைகளிலும் மட்டும்தான் சைக்கிள் ஓட்டலாம். வனப்பாதை என்று அந்தச் சட்டம் சொல்வது வனத்துறை வண்டிகள் போவதற்காக நிரந்தரமாக அமைத்த வழியை. ஒற்றையடிப் பாதை, நடைபாதை, வெட்டிய மரத்தை இழுத்து வரும் தடம் எதுவும் அதில் சேராது.

புதியவர்கள் செய்யும் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. செயலியில் யாரோ ஓட்டிப் பதிவேற்றிய தடத்தைப் பார்த்து, அங்கே ஓட்டலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஒருவர் ஓட்டியிருக்கிறார் என்பதுதான் அந்தத் தடம் சொல்லும் சேதி. அனுமதி இருக்கிறதா என்பதை அது சொல்லாது. ட்ரிஃபெல்ஸைச் சுற்றி நடப்பவர்கள் கூட்டம் அதிகம், பாதைகள் குறுகல், படிக்கட்டுகளும் உண்டு. வாக்குவாதத்தில் நாள் கெட வேண்டாம்.

ஆகவே வரைபடத்தில் அகலமான வனப்பாதைகளை மட்டும் இணைத்து ஒரு சுற்று போடுங்கள். கோட்டைக்குக் கீழே ஷ்லோஸ்எக்கர் என்ற வாகன நிறுத்துமிடம் இருக்கிறது; சைக்கிள் போக வேண்டியது அதுவரைதான். அதே முகட்டில் ட்ரிஃபெல்ஸுக்குத் தெற்கே ஆனெபோஸ், ஷார்ஃபென்பெர்க் என்று இன்னும் இரண்டு இடிந்த கோட்டைகள் உண்டு. அவற்றின் சரிவுகளைச் சுற்றிப் போகும் வனப்பாதைகள் உங்கள் சுற்றின் முதுகெலும்பு. நீளம் போதவில்லை என்றால் பக்கத்திலுள்ள அசல்ஷ்டைன் பாறை, ரேபெர்க் மலைச் சரிவு வரை நீட்டிக்கொள்ளலாம். ரேபெர்க் 577 மீட்டர், உச்சியில் ஒரு பார்வைக் கோபுரம். பாதை குறுகும் இடத்தில் இறங்கிவிடுங்கள்.

குறுகிய பாதையில் ஓட்டத்தான் மவுண்டன் பைக் வாங்கினேன் என்கிறீர்களா? நியாயம்தான். அதற்கு இதே காட்டின் நடுப்பகுதியில் மவுண்டன்பைக்பார்க் ஃபெல்ட்சர்வால்ட் இருக்கிறது. பார்க் என்றதும் வேலியும் நுழைவுச் சீட்டும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். லாம்பிரெக்ட், ஹோக்ஷ்பையர், ரோடால்பென் போன்ற ஊர்களிலிருந்து கிளம்பும், பலகை நட்டு அடையாளமிட்ட பல நூறு கிலோமீட்டர் பாதைகள் அவை. அங்கே ஒற்றையடிப் பாதைகளும் முறைப்படி அனுமதி வாங்கிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மணற்கல்லில் ஓட்டியே பழக்கமில்லாதவர்களுக்கு என் யோசனை: முதல் சனிக்கிழமை லாம்பிரெக்ட், அடுத்தது ட்ரிஃபெல்ஸ்.

2. நாள் குறிப்பது

ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல மாதங்கள். கோடையிலும் ஓட்டலாம், மணல் காய்ந்து பொடியாகிப் பாதையோரம் குவிந்திருக்கும், அவ்வளவுதான்.

மழைக்கு மறுநாள் போகலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் போகலாம். மணற்பாங்கான மண் தண்ணீரைத் தேக்காது. களிமண் காடுகள் இரண்டு மூன்று நாள் சேறாகக் கிடக்கும்போது இங்கே பாதை காய்ந்திருக்கும். சொல்லப்போனால் லேசாக நனைந்த மணல்தான் டயருக்கு நல்ல பிடிப்பு. ஆனால் வேர்களும் பாசி பிடித்த பாறைகளும் அவ்வளவு சீக்கிரம் காயாது. பாதை காய்ந்துவிட்டதே என்று வேரையும் நம்பிவிடக் கூடாது.

அக்டோபரில் இன்னொரு விஷயம். அன்வைலரைச் சுற்றியுள்ள தாழ்ந்த சரிவுகளில் செஸ்ட்நட் மரங்கள் நிறைய. முள் மூடிய காய்கள் தரையெங்கும் உதிர்ந்து கிடக்கும். விழுந்தால் உள்ளங்கை முதலில் ஊன்றும், எனவே முழுவிரல் கையுறை போடாமல் அந்த மாதம் வராதீர்கள். உதிர்ந்த இலைக்கடியில் வேரும் கல்லும் மறைந்திருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அதன் பிறகு ஐந்து மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடும், மரத்தடியில் அதற்கு முன்பே இருட்டும்.

இலையுதிர் காலத்தில் வேட்டைக்காகவும், வருடம் முழுக்க மரம் வெட்டுவதற்காகவும் பாதைகளை மூடுவார்கள். சிவப்பு வெள்ளை நாடாவும் 'ஃபோர்ஸ்ட்ஆர்பைட்டன்' (வனப்பணி நடக்கிறது) என்ற பலகையும் கண்டால் ஞாயிற்றுக்கிழமையானாலும் திரும்பிவிடுங்கள். ஆள் இல்லாவிட்டாலும் பாதி வெட்டிய மரம் நின்றுகொண்டிருக்கலாம். ஆண்டின் முதல் பாதியில் சில பாறைகளில் பொரி வல்லூறு கூடு கட்டும். அந்தப் பாறைகளுக்கும் அப்போது தடை உண்டு.

கோட்டைக்குள் போக நினைத்தால் அதன் திறப்பு நேரத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். குளிர்காலத்தில் திறந்திருக்கும் நாட்கள் குறைவு. மேலே போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. சைக்கிளை மணலுக்குத் தயார் செய்தல்

இந்தப் பாதைக்கு விலையுயர்ந்த முழு சஸ்பென்ஷன் சைக்கிள் தேவையில்லை. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டெயில் போதும். பணத்தையும் கவனத்தையும் வைக்க வேண்டிய இடங்கள் மூன்று: டயர், பிரேக், செயின்.

டயர் 2.3 அல்லது 2.4 அங்குல அகலம் இருக்கட்டும். குறுகிய டயர் மணலில் இறங்கும், முன்சக்கரம் தன் போக்கில் திரும்பும். காற்று விஷயத்தில் புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அதிகமாக அடித்துக்கொண்டு வருகிறார்கள். 70 முதல் 75 கிலோ எடையுள்ளவர், டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 1.5 அல்லது 1.6 பார், பின்னால் 1.7 அல்லது 1.8 பார் என்று தொடங்கலாம். டியூப் உள்ள டயரில் இரண்டுக்கும் 0.3 கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கல் விளிம்பில் மோதும்போது டியூப் நசுங்கிப் பஞ்சராகும். காற்று குறைந்தால் டயர் தரையில் அகலமாகப் படியும், மணலில் மிதந்து போகும். கடினமான டயர் மணலை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும்.

பிரேக் கட்டைகளின் தேய்மானத்தைக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே பாருங்கள். ஈர மணல் பிரேக் டிஸ்க்குக்கும் கட்டைக்கும் நடுவே புகுந்தால் உப்புத்தாள் மாதிரிதான் வேலை செய்யும். பாதி தேய்ந்த ரெசின் கட்டை ஒரே மழை நாளில் முடிந்துவிடக்கூடும். உலோகத்தூள் கலந்த சின்டர்ட் கட்டைகள் கொஞ்சம் சத்தம் போடும், ஆனால் நீடிக்கும். உங்கள் டிஸ்க் அவற்றுக்கு ஏற்றதா என்று டிஸ்க் மேலேயே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 'ரெசின் மட்டும்' என்று குறித்த டிஸ்க்கில் போட்டால் டிஸ்க்கே தேய்ந்து போகும்.

செயினில் எண்ணெய் வழியவழியப் போடுவது அடுத்த தவறு. எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அந்தக் கலவை பல்சக்கரத்தை அரைக்கும். வாக்ஸ் வகை மசகு நல்லது. எண்ணெய்தான் இருக்கிறதென்றால் முந்தின இரவே ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு துளி விட்டு, காலையில் துணியால் வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிக்கு உள்ளே, வெளியே தெரிவதெல்லாம் வீண்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. பெடலில் மாட்டிக்கொள்ளும் உலோகக் கிளீட் உள்ள காலணியோடு மணற்கல் படியில் நடந்தால் வழுக்கும், படியும் தேயும். இந்தச் சுற்றில் நடை நிறைய இருப்பதால் தட்டைப் பெடலும் ரப்பர் அடிக் காலணியும்தான் சரி.

4. பை: தண்ணீர் முதலில்

மணற்கல் மழைநீரை உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். ஊற்றுகள் பள்ளத்தாக்கில்தான், முகட்டில் கிடையாது. ட்ரிஃபெல்ஸில் குடியிருந்தவர்கள் தண்ணீருக்காகப் பாறைக்குள் 80 மீட்டர் அளவுக்குக் கிணறு தோண்டியிருக்கிறார்கள். அந்தக் கிணற்றுக் கோபுரம் இன்றும் கோட்டையின் பக்கத்தில் நிற்கிறது. ஆகவே ஆளுக்கு இரண்டு லிட்டர் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், கோடையில் மூன்று.

அப்புறம் உதிரி டியூப், பம்ப், டயர் நெம்பி, பல்கருவி, செயின் இணைப்பு, முதலுதவிப் பொட்டலம், உண்ணி எடுக்கும் இடுக்கி. உண்ணிகள் புல்லிலும் புதரிலும் காத்திருக்கும், லைம் நோயைப் பரப்பக்கூடியவை. மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பார்த்துவிட வேண்டும்.

வரைபடத்தை போனில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். போகும் வழியில் பச்சை நிறத்தில் வெள்ளைச் சிலுவையும் எண்ணும் போட்ட மீட்புப் புள்ளிப் பலகைகள் தெரியும். கடந்து போகும்போதே கடைசியாகப் பார்த்த எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். அவசர எண் 112-ஐ அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் எங்கே வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். "ஒரு சிவப்புப் பாறை பக்கத்தில்" என்று சொன்னால் இந்தக் காட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சில்லறையோடு ரொக்கமும் வேண்டும். காரணம் ஒன்பதாம் படியில்.

5. ரயிலில் வாருங்கள்

லாண்டாவுக்கும் பிர்மாசென்ஸுக்கும் நடுவே ஓடும் சிறிய ரயிலில் அன்வைலர் ஒரு நிறுத்தம். மன்ஹைமிலிருந்து வருபவர்கள் நொய்ஷ்டாட் வழியாகவும், கார்ல்ஸ்ரூவிலிருந்து வருபவர்கள் விண்டன் வழியாகவும் லாண்டாவ் வந்து மாறலாம்.

ரைன்லாந்து-ஃபால்ஸ் மாநிலத்தின் உள்ளூர் ரயில்களில் வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகும், சனி ஞாயிறு முழு நாளும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. 9 மணிக்கு முன் ஏறினால் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும். நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் ஆளுக்கு மட்டும்தான். கட்டணம் இல்லை என்பதற்காக இடம் உறுதி என்று நினைக்காதீர்கள். பெட்டிகள் சிறியவை, நல்ல வெயில் உள்ள ஞாயிறுகளில் சைக்கிள் இடம் சீக்கிரம் நிரம்பும். ஆறு பேராக வந்தால் இரண்டு ரயில்களில் பிரிந்து வருவது நல்லது.

6. ஏற்றம்: மெதுவாக, உட்கார்ந்தபடி

ஸ்டேஷனில் இறங்கியதும் நேராகக் கோட்டையைப் பார்த்து ஏறாதீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருப்பதால் ஆசை வரும். அந்தப் பக்கத்துக் குறுக்கு வழிகள் எல்லாம் நடப்பவர்களுக்கானவை, செங்குத்தானவை. முதலில் பின்டர்ஸ்பாக் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே போய், சரிவைச் சுற்றி வந்து, பின்பக்கமாகக் கோட்டையை அடைவது நல்லது. தூரம் கூடும், ஆனால் சாய்வு குறையும். முதல் அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கிவிட்டால் மீதி நாள் முழுக்க அதன் கடனை அடைக்க வேண்டியிருக்கும்.

வனப்பாதையில் மணல் குவிந்த ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். நின்றால் உடல் எடை முன்னால் போய்விடும், பின்சக்கரம் சும்மா சுழலும். உட்கார்ந்தபடி, இருக்கையின் முன்நுனிக்கு நகர்ந்து, ஒரு கியர் இலகுவாக்கி, ஒரே சீராக மிதியுங்கள். கியரை மணல் தொடங்குவதற்கு முன்பே மாற்ற வேண்டும். அழுத்தத்தோடு மாற்றினால் செயின் முறுக்கிக்கொள்ளும்.

மணல் பெரும்பாலும் பாதையின் நடுவிலும் வளைவின் உட்புறத்திலும் சேரும். வண்டிச் சக்கரம் அழுத்திய ஓரக் கோடுகள் கெட்டியாக இருக்கும். பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் பத்து மீட்டர் முன்னால் அந்தக் கெட்டிக் கோட்டைத் தேடி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

நடப்பவர்கள் எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து ஒரு வணக்கம் சொல்லிக் கடந்து போங்கள். பின்னாலிருந்து வருகிறீர்கள் என்றால் தூரத்திலேயே மணியடிக்கலாம். காதுக்குப் பக்கத்தில் வந்து அடித்தால் துள்ளிக் குதிப்பார்கள்.

7. கோட்டை: பூட்டு, நடை, பிறகுதான் இறக்கம்

ஷ்லோஸ்எக்கரில் சைக்கிளைப் பூட்டுங்கள். அங்கிருந்து மேலே செங்குத்தான நடை, சுமார் இருபது நிமிடம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டோ தூக்கிக்கொண்டோ போகப் பார்க்கிறவர்கள் உண்டு, கோட்டை முன்னால் படம் எடுப்பதற்காக. வழியில் எதிரே வரும் குடும்பங்களுக்கு இடைஞ்சல், உங்களுக்கும் தோள்வலி. கனமான பூட்டு ஒன்றைக் குழுவுக்குப் பொதுவாகக் கொண்டுவந்தால் எல்லாச் சைக்கிள்களையும் சேர்த்துப் பூட்டலாம்.

கோட்டையை இறக்கத்துக்கு முன் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஏறிய களைப்போடு உடனே இறங்கினால் கை தளர்ந்திருக்கும், கவனமும் சிதறும். ஒரு மணி நேரம் நடந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து எழுந்தால் அது சரியாகிவிடும். வியர்த்த சட்டையோடு கல் அறைகளுக்குள் நின்றால் குளிரும், மாற்றுச் சட்டை இங்கேதான் பயன்படும்.

இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1193-இல் சிறை வைத்த இடம் இது. புனித ரோமப் பேரரசின் மணிமுடி, செங்கோல் ஆகியவற்றின் நகல்கள் உள்ளே காட்சிக்கு இருக்கின்றன. நீங்கள் பார்க்கும் பெரிய மண்டபம் 1938-க்குப் பிறகு கட்டியது என்பதையும் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. எனக்கென்னவோ மண்டபத்தைவிட மேலிருந்து தெரியும் காட்சிதான் பிரயோசனம்: ஏறி வந்த வனப்பாதையையும் இறங்கப் போகும் பக்கத்தையும் அங்கிருந்தே கண்ணால் அளந்துகொள்ளலாம்.

8. இறக்கம்

காய்ந்த மணற்கல் பாறை டயரை அற்புதமாகப் பிடிக்கும். புதியவருக்கு ஐந்து நிமிடத்தில் நம்பிக்கை வந்துவிடும். அடுத்த வளைவில் அதே பாறைமேல் உதிர்மணல் படர்ந்திருக்கும். சிமெண்டுத் தரையில் ரவை சிந்தினால் கால் எப்படி வழுக்குமோ அப்படித்தான் சக்கரமும். பெரும்பாலான விழுகை இந்த இடத்தில்தான்.

அதனால் ஒரே விதி: பிரேக் பிடிப்பதை வளைவுக்கு முன் முடித்துவிடுங்கள். நேராகப் போகும்போது இரண்டு பிரேக்கையும் ஒரு விரலால் சீராக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழையும்போது விட்டுவிட வேண்டும். சாய்ந்திருக்கும் சக்கரத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் மணல் அதை இழுத்துக்கொண்டு போய்விடும், சுதாரிக்க நேரம் இருக்காது.

மணல் திட்டு திடீரென்று வந்துவிட்டதா? பிரேக்கைத் தொடாதீர்கள். உடலைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், போகிற போக்கில் விடுங்கள். சக்கரம் லேசாக நெளியும், அப்புறம் தானே நேராகும். நெளிகிறதே என்று திருப்பப் போனால்தான் விழுவீர்கள்.

இருக்கையை இறங்கத் தொடங்குமுன்னே தாழ்த்திவிடுங்கள். ஈரமான வேர் குறுக்கே கிடந்தால் அதைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், பிரேக் பிடிக்காமல். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டு இறங்குவதை விட்டொழியுங்கள்: இந்த மண் மென்மையானது, ஒரு சறுக்கல் போட்ட கோட்டில் அடுத்த மழை ஓடி, அது வாய்க்கால் ஆகிவிடும்.

நீளமான வனப்பாதை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். பிடி, விடு, பிடி, விடு. கை வலித்தால் நின்றுவிடுங்கள்.

9. குடிலில் சாப்பாடு

இந்தக் காடு முழுக்க ஃபெல்ட்சர்வால்ட் சங்கத்தின் கிளைகளும் மற்ற மன்றங்களும் நடத்தும் குடில்கள் உண்டு. அசல்ஷ்டைன் பாறையடியில் இருக்கும் க்ளெட்டர்ஹூட்டே நம் சுற்றுக்குப் பக்கம். இப்படிப்பட்ட குடில்களில் நீங்களே வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும், பல இடங்களில் ரொக்கம்தான் செல்லும். வார நாட்களில் மூடியிருப்பவை அதிகம், முன்பே பாருங்கள். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் 'வைஸர் கேஸ்' கேட்கலாம். மூலிகையும் வெங்காயமும் போட்ட தயிர்க்கட்டி, ரொட்டியோடு தருவார்கள்.

ஒயினில் சோடா கலந்த ஷோர்லே இங்கே அரை லிட்டர் கண்ணாடிக் குவளையில் வரும். சோடா பேருக்குத்தான். செங்குத்தான இறக்கம் எல்லாம் முடிந்த பிறகு வருகிற மாதிரி குடிலைத் திட்டத்தில் வையுங்கள், அல்லது ஆப்பிள் சாறு வாங்குங்கள்.

10. வீட்டுக்கு வந்ததும்

மணல் ஒட்டிய சைக்கிளை அப்படியே அடுத்த வாரம் வரை சாத்தி வைப்பதுதான் கடைசித் தவறு, செலவு வைக்கும் தவறும் அதுதான். அன்றைக்கே தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சும் இயந்திரம் வேண்டாம். அது மணலை பேரிங்குக்கும் சஸ்பென்ஷன் ரப்பருக்கும் உள்ளே தள்ளிவிடும். முன் சஸ்பென்ஷன் குழாயைத் துணியால் துடைத்த பிறகுதான் அழுத்திப் பார்க்க வேண்டும், முன்னால் அழுத்தினால் கீறல் விழும்.

செயினைக் காயவைத்து மசகு போட்டு, அளவுக் கருவியால் ஒரு முறை பாருங்கள். 12 கியர் செயினில் 0.5 சதவீதம் நீண்டிருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். பிரேக் கட்டையில் உரசும் பகுதி 1 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் கழற்றிவிட்டுப் புதியது போடுங்கள், அடுத்த சனிக்கிழமை காலை அவசரத்தில் அல்ல, இன்றைக்கே.